இர்விங்கில் கூடிய சங்கம்

அமெரிக்காவில் வேலை பார்க்க விசா அனுமதியில்லாத மனைவியாக, டெக்சாஸின் இர்விங் ஊர் அபார்ட்மென்டில் நான் உட்கார்ந்திருந்த வருஷம் அது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் என்ன ஆகுமோ என்று உலகமே பதறிக்கொண்டிருந்தது. நானோ நூலகத்திலிருந்து தடித்தடியான புத்தகங்களைத் தூக்கி வந்து படித்துத் தள்ளினேன். கோயம்புத்தூரில் மில் கேட் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இங்கிலாந்துப் பஞ்சாலைகளின் கதை கிடைத்தால் விடுவேனா?

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் சனிக்கிழமை பாட்லக்கில் சாம்பார் சாதத்தோடு அதையும் பரிமாறுவேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தொழிலாளிகள் கூலிக்காகக் கூடிப் பேசுவதே குற்றம். அந்தச் சட்டம் போன பிறகும், சங்கம் சேரச் சத்தியம் செய்த குற்றத்துக்காக ஆறு விவசாயக் கூலிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நாடே திரண்டு கத்தியதில் அரசாங்கம் அவர்களை மன்னித்துத் திருப்பி அழைத்தது. இதைச் சொன்னால், என் கணவரின் கன்சல்டிங் கம்பெனிப் பையன்கள் சிரிப்பார்கள்.

"அக்கா, யூனியன் பேச்செல்லாம் இங்க வேணாம். கிரீன் கார்ட் காலி ஆயிடும்."

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். சரியாகப் பிரசவ வாரத்தில், அதே கம்பெனியில் இருந்த அவள் கணவரை சியாட்டில் கிளையன்ட்டிடம் போகச் சொன்னார் மேனேஜர்.

"அவரும் இல்லேன்னா நான் யார் கையப் பிடிச்சுக்குவேங்க்கா?" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமையே பையன்களைப் பிடித்தேன். அவருக்குப் பதில் நாங்கள் முறை வைத்துப் போகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து மேனேஜருக்கு எழுதுங்கள் என்றேன். நல்ல ஐடியா என்று தலையாட்டினார்கள். யார் பெயரில் அனுப்புவது என்றதும் அத்தனை பேருக்கும் திடீரென்று பாத்திரம் கழுவும் ஆசை வந்துவிட்டது.

கடைசியில், முதலில் ஒரு டிராஃப்ட் மெயிலைப் பையன்களுக்குள் சுற்றுக்கு விடலாம் என்றார் என் கணவர். திங்கட்கிழமை காலை ஆபீசிலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, போச்சு. நம்ம பசங்க குரூப்புக்கு அனுப்பறதுக்குப் பதிலா ஆபீஸ் குரூப்புக்கு அனுப்பிட்டேன். மேனேஜரும் அதுல இருக்கார். என் பேர் மட்டும்தான் இருக்கு."

திருமணமான நாளிலிருந்து அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. எனக்கோ பையன்கள் மேல் கோபம்தான் வந்தது. போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு பையனின் டெஸ்க்குக்கும் போன் அடித்தேன்.

"உங்க அண்ணன் தனியா கப்பலேற நிக்கறார். கை கட்டி வேடிக்கை பாக்கப் போறீங்களா? ரிப்ளை ஆல் அடிங்கடா!"

முதல் பதிலைப் போட்டவன் பாட்லக்கில் வாயே திறக்காத பையன். "நானும் போகத் தயார். இந்த மெயில் என்னுடையதும்தான்." அடுத்து இன்னொன்று. பிறகு மழைதான். இதற்கெல்லாம் யார் லீடர் என்று என் கணவரைக் கூப்பிட்டு மேனேஜர் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, மேனேஜரின் கம்ப்யூட்டர் திரையில் மெயில்கள் வந்து விழுந்துகொண்டிருந்தனவாம். வருஷக் கடைசி வேலையை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் பகைத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா? மதியத்துக்குள் சியாட்டிலுக்குப் போகும் ஆளை மாற்றிவிட்டார்.

சந்தோஷத்தில் நான் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கிண்டினேன்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். சியாட்டிலில் இருந்திருக்க வேண்டியவர் மூச்சு வாங்கப் பேசினார்.

"பொண்ணு அக்கா! வலி முழுக்க அவ என் கைய விடவே இல்ல. டாக்டர் கத்திரிய என்கிட்டயே குடுத்துட்டார். தொப்புள்கொடிய நான்தான் கட் பண்ணேன்."