கோழிப்பண்ணை மருத்துவர் காத்த கால்பந்து சீசன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆட்ட அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முருகேசன் கூப்பிட்டார். எங்கள் லீக்கில் கோல்கீப்பராக இருந்தவர். இப்போது நாமகிரிப்பேட்டையில் பயிற்சியாளர். "சார், பூங்கோதை டாக்டரம்மா போயிட்டாங்க. காத்தால மோகனூர் ஊட்லயே. மாரடைப்புங்கறாங்க," என்றார்.  

மோகனூருக்குப் போனபோது, அவர் வீட்டு வாசலில் இரண்டு கூட்டங்கள் நின்றிருந்தன. ஒரு பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள், இன்னொரு பக்கம் கால்பந்துக்காரர்கள். பண்ணைக்காரர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, டாக்டரம்மாவுக்கும் பந்தாட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" அங்கே நின்று சொல்லி முடிக்கக்கூடியதாக அது இல்லை. அவரை ஒரு பக்கம் மட்டும் அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டு அது. ஆறு அணிகள் ஆடும் எங்கள் தொழில்முறை லீக்கைப் பார்வையாளர் இல்லாமல் ஒரே மைதானத்தில் நடத்த அனுமதி கிடைத்தது. கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் மூடிக்கிடந்த ஒரு கல்லூரியின் விடுதியில் எல்லோரும் தங்க வேண்டும். சீசன் முடியும்வரை வெளியே போகக் கூடாது. நான் ஆட்டச் செயலாளர். தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஏற்பாடு செய்திருந்த விளையாட்டு மருத்துவர் வர முடியாது என்றார். மருத்துவமனையில் அவரை விடவில்லை. அப்போது எந்த மருத்துவரைத்தான் விட்டார்கள்? அணி உரிமையாளர்களில் ஒருவர் பண்ணைக்காரர். "வைத்தியத்துக்குப் போன்ல டாக்டரைக் கேட்டுக்கலாம். நோயை உள்ள விடாம இருக்கோணும்னா எங்க பூங்கோதை டாக்டரைக் கூப்புடுங்க," என்றார். பூங்கோதை கால்நடை மருத்துவர். நாமக்கல் பண்ணைகளில் முப்பது வருடம் கோழிகளைக் காத்தவர்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க சார், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேருங்க ஆடுவாங்க?"

பதினொரு பேர் என்றேன். அவர் பழைய ஆட்டம் ஒன்றைப் போடச் சொல்லி நோட்டோடு உட்கார்ந்தார். மூன்று முறை பார்த்தார். பந்து எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. யார் யார் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தார். கார்னர் கிக் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல எதுக்குங்க இத்தனை பேரு கட்டிப் புடிச்சுக்கறாங்க?"

"எகிற விடாம தடுக்கறாங்க டாக்டர்."

"அது தப்புங்களா?"

"தப்புதான். ரெஃப்ரி பார்த்தால்."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, வியர்த்த ஜெர்சிகள் எங்கே போகும் என்று கேட்டார். ஆறு அணிகளுக்கும் ஒரே சலவைக்காரர் என்றேன். நோட்டை மூடினார். "பண்ணையில நோய் பறந்து வர்றதை விட, ஒரு கொட்டகையில இருந்து இன்னொரு கொட்டகைக்குப் போற ஆளோட நடந்து வர்றதுதான் அதிகமுங்க," என்றார். மறுநாளே அணிக்கொரு மாடி, அணிக்கொரு படிக்கட்டு, அணிக்கொரு சலவை ஆள், தனித்தனிச் சாப்பாட்டு நேரம் என்று எல்லாம் மாறிவிட்டன.

ஆட்டக்காரர்களுக்குக் கோபம். "நாங்க என்ன கோழியா டாக்டரம்மா?" என்று ஓர் அணித்தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். பூங்கோதை சொன்னார்: "கோழின்னா எனக்குப் பயமே இல்லீங்க சாமி. ஒடம்புக்கு முடியலைன்னா அது மூலையில போய் உக்காந்துக்கும். மனுசன் மறைப்பான்." கேட்டவர் சிரித்துவிட்டார். டாக்டர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தினமும் காலையில் ஆளுக்கொரு காகிதப் பொட்டலம் கொடுத்து, கண்ணை மூடி முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொல்வார். உள்ளே காப்பித்தூள் இருக்கும்; வாசனை தெரியாமல் போவது அந்தத் தொற்றின் அறிகுறி. மூன்றாவது வாரம் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் எல்லாப் பொட்டலத்திலும் பெருங்காயம் வைத்தார். பிரித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முருகேசன் மட்டும் தனியாக வந்து முகர்ந்து, "காப்பித்தூளுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார். (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

பூங்கோதை சத்தம் போடவில்லை. மரத்தடிக்கு அழைத்துத் தள்ளி நின்று, "எத்தனை நாளாச்சு சாமி?" என்று கேட்டார்.

"நேத்துல இருந்துங்க. மூணு வருசம் பெஞ்சுல உக்காந்து இப்பத்தான் எறங்கி நிக்கறேன். என்னால சீசனே நின்னு போச்சுன்னு சொல்லுவாங்களேன்னு..."

"அது கெடக்குது. வாசம் தெரியாதப்ப எப்பிடி இருக்குது? தண்ணி குடிச்சா என்ன தெரியுது? சோறு மண்ணு மாதிரியா, வெறும் சூடு மாதிரியா?"

வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்குத் தன் மேல் கோபமில்லாமல் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று முருகேசன் இப்போதும் சொல்வார்.

உடனடிச் சோதனையில் தொற்று என்று வந்தது. ஆய்வக முடிவு மறுநாள்தான் வரும். அன்று மாலை முருகேசனின் அணிக்கு ஆட்டம். தொலைக்காட்சி வண்டி வந்து நின்றுவிட்டது. நான் அவரிடம் போய்ச் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "முருகேசனை மட்டும் தனியாக வைத்துவிட்டு மற்றவர்களை ஆட விடலாம் டாக்டர். ஆய்வக முடிவு வந்ததும் அறிவிப்போம். ஒரே ஒரு நாள்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஒருக்கா நானும் ஒரு நாள் பொறுத்திருக்கறனுங்க சார். பண்ணைக்காரர் அழுதாரு. ரிசல்ட்டு வரட்டும்னு உட்டுட்டேன். வந்தப்ப பக்கத்து மூணு கொட்டகையும் போயிருச்சு. கோழிங்கறதால குழி வெட்டிப் பொதைச்சுப் போட்டோம்." பிறகு, "எதுத்து ஆடற டீமுக்குக் கோச்சு யாருங்க?" என்று கேட்டார்.

அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. பெயரைச் சொன்னேன்.  நான் போய் ஆட்டத்தை நிறுத்தினேன்.

இரண்டு நாளில் அந்த அணியில் இன்னும் நான்கு பேருக்குத் தொற்று தெரிந்தது. மற்ற ஐந்து அணிகளில் ஒருவருக்கும் இல்லை. லீக் இரண்டு வாரம் நின்றது. பிறகு ஆட்டங்களைக் குறைத்து முடித்தோம். இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர் காலி கேலரியைப் பார்த்துக் கைகளை விரித்து ஓடினார். "யாருமே இல்லியே, எதுக்குங்க அங்க ஓடறாரு?" என்று பூங்கோதை கேட்டார். குணமாகித் திரும்பியிருந்த முருகேசன், "பழக்கந்தாங்க," என்றார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. ஆட்டம் முடிந்து கோல் அடித்தவரையே தேடிப் போனார். என்ன பதில் கிடைத்ததோ, தெரியாது.

கிளம்பும் முன் உரிமையாளர்களுக்கு அறிக்கை கொடுத்தார். முருகேசன் அணியின் அந்த ஆட்டத்தைச் செயலாளரே முன்வந்து நிறுத்தினார் என்று அதில் இருந்தது. அப்படி நடக்கவில்லையே என்றேன்.

"நானு பண்ணைக்குப் போயிருவனுங்க சார். நீங்கதான் இங்க இருக்கோணும். மறுக்கா இப்பிடி ஒண்ணு வந்தா நீங்கதான் நிறுத்தோணும். மின்னயே ஒருக்கா நிறுத்துன ஆளுன்னா, சொன்னாக் கேப்பாங்க."

கேட்டார்கள். அதற்குப் பிறகு கடும் வெயிலுக்காக ஒரு முறையும் மின்னலுக்காக ஒரு முறையும் ஆட்டத்தை நிறுத்தினேன். இரண்டு முறையும், "அவர் நிறுத்தினால் காரணம் இருக்கும்," என்று உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். என்னை உறுதியானவன் என்று பலரும் சொல்கிறார்கள்; நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அந்த உறுதி என் பிறவிக்குணம் அல்ல. ஒரு கோழிப்பண்ணை மருத்துவர், எனக்கு அது தேவைப்படும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போனது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.