மாதர் சங்கத் தீர்மானமும் மாளிகைச் சாவியும்

பெண்ணைக் கடத்திச் சென்று மாளிகையில் அடைத்து வைப்பவனைக் காதலன் என்று கொண்டாடும் நாவல்களை வாடகைப் புத்தகக் கடைகள் விலக்க வேண்டும். எண்பதுகளில் எங்கள் மாதர் சங்கத்துக்காக இத்தீர்மானத்தை எழுதியவள், பள்ளி ஆசிரியையான நான். மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அந்நாவல்களை என்னளவு படித்தவள் வேறொருத்தி இல்லை என்றும் நம்பியிருந்தேன்.

பினாங்குத் தெரு வாடகைக் கடையில் எல்லா நாவலும் ஒரே முகத்தோடு இருக்கும். படித்ததையே மீண்டும் எடுத்து ஏமாறாதிருக்க, வாடிக்கைப் பெண்கள் புத்தகத்தைத் தொடங்கும்போதே பத்தாம் பக்கத்தில் தத்தம் குறியைப் பென்சிலால் இடுவார்கள். என் குறி பிறை.

தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவிருந்த கூட்டத்தன்று பிற்பகல் அத்தகைய நாவலொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடையோ சகிக்க முடியாதது. நாயகியோ அத்தியாயந்தோறும் மயங்கி விழுந்தாள். இருந்தும் அடுப்பில் சோறு குழைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு முன், அவளைக் கடத்தியவன் மாளிகைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறான். வெளியே போய்த் தொலை, பெண்ணே, என்றது என் கொள்கை. போகாதே என்று கெஞ்சியதும் நான்தான்.

அவ்வேளை பார்த்து, என்னை அழைத்துப் போகச் சங்கத் தலைவி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

“என்ன பிள்ளை, சாட்சிக்கு எடுத்தனீரோ? நல்லது, இதையே காட்டுவம்.”

“ஓம் அக்கா” என்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

கூட்டத்தில் புத்தகம் கைமாறியது. வாங்கிய ஒவ்வொருத்தியும் முதலில் பத்தாம் பக்கத்தையே புரட்டினாள். பூ, மீன், குடை, என் பிறை. செயற்குழுவில் பாதி அங்கே இருந்தது. ஒவ்வொருத்தியும் புத்தகத்தை அவசரமாகப் பக்கத்தவளிடம் தள்ளினாள். பொருளாளர் மட்டும் மெல்ல இழுத்தார்:

“தடை பண்ணிட்டா அந்தக் கடைக்கார அண்ணே பாவம் லா.”

“உமக்கேன் அவரிலை இவ்வளவு கரிசனை?” என்றார் தலைவி.

“ஐயோ அக்கா, சும்மா சொன்னேன் லா!”

“சரி, வாசிக்காமல் கண்டிக்கிறது முறையில்லை. நான் வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

என் கடைசி அத்தியாயம் அவருடைய கைப்பைக்குள் போயிற்று. தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.

புத்தகம் கடைக்குத் திரும்பியதும் ஓடினேன். பத்தாம் பக்கத்தில், என் பிறைக்கருகே, அழகாக வரைந்த குத்துவிளக்கொன்று புதிதாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் நாயகி சாவியைக் கையில் எடுக்கிறாள். அத்தோடு முதற்பாகம் முடிந்துவிடுகிறது!

“ரெண்டாம் பாகம் எங்கே, அண்ணே?”

“பெரிய டீச்சர் எடுத்துட்டுப் போயிட்டாங்க லா, டீச்சர். உங்களுக்கு அப்புறம் சொல்லி வச்சவங்களே நாலு பேரு இருக்காங்க.”

“எனக்கு அப்புறமா? நான் எப்போது சொல்லி வைத்தேன்?”

“நீங்க கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அடுத்த கூட்டத்திலும் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்க முன்மொழிந்தவள் நான்தான், தலைவி இன்னும் இரண்டாம் பாகத்தைப் படித்து முடிக்கவில்லை.