கடைக்குள் செருப்போடு நடந்தவர்

வல்லத்தில் பஸ் ஏறி டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது, கடையில் கூட வேலை பார்க்கும் ராமலிங்கம் போன் செய்தார். "வசந்தாக்கா, கோதண்டண்ணன் நம்மள உட்டுப் பூட்டாருக்கா. கடைக்கு வர சட்டை மாட்டினு இருந்தாராம். மாரு வலிக்குதுன்னு உக்காந்தவரு, அவ்ளோதான்." நான் "இன்னாய்யா சொல்ற, இன்னாய்யா சொல்ற" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். கண்டக்டர் டிக்கெட்டை என் கையில் வைத்து மூடிவிட்டுப் போனார். சீட் காலியாக இருந்தும் செஞ்சி வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான், எழுந்து எழுந்து நடக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செஞ்சியில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்குச் சூப்பர்வைசர் கோதண்டம் அண்ணன். இப்போதைய முதலாளியின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சொந்த ஊர் பனமலை. ஓர் இடத்தில் நிற்க மாட்டார், வாயும் சும்மா இருக்காது. சேலையை ஒழுங்காக மடிக்காவிட்டால், "இன்னாம்மா, தோசையா சுருட்டற?" என்பார். திட்டு வாங்கியவர்களே சிரித்துவிடுவார்கள்.

எங்கள் கடைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. லட்சுமி குடியிருக்கும் இடம் என்று பெரிய முதலாளி ஏற்படுத்திய வழக்கம். துணி எடுக்க வருகிறவர்களும் வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். நாங்கள் கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை வெறுங்காலோடு நிற்க வேண்டும். எனக்குச் சுகர். பட்டுப் பிரிவு ராமலிங்கத்துக்கும் சுகர். இருவருமே வெளியில் மூச்சு விட்டதில்லை. சொன்னால் குடோனில் தள்ளிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது வேறா என்று அவருக்கு.

ஓர் ஆடித் தள்ளுபடியின்போது, பட்டுச் சேலை விரிக்கும் மெத்தையில் ஏறிய ராமலிங்கத்தின் காலடியிலிருந்து வெள்ளை விரிப்பில் ரத்தம் ஒட்டியது. பார்த்தால், சேலையில் குத்தி வரும் குண்டூசி ஒன்று பாதத்தில் முழுதாக இறங்கியிருந்தது. எப்போது ஏறியதென்றே அவருக்குத் தெரியவில்லை. அப்படி மரத்துப்போயிருந்தது கால். புண் ஆறவே இல்லை. கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள்.

கோதண்டம் அண்ணன் நேராக முதலாளியிடம் போனார். சுகர் உள்ளவர்கள் கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு வேண்டும் என்று கேட்டார். "லட்சுமி இருக்கற எடத்துல செருப்பா? எங்கப்பா ஆன்மா பொறுக்குமா கோதண்டம்?" என்று முதலாளி பேச்சை முடித்துவிட்டார். அண்ணன் வெளியே வந்து படியில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் புது ரப்பர் செருப்போடு அண்ணன் கடைக்குள் நடந்து வந்தார். கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நேரே கல்லாவுக்குப் போய், "மொதலாளி, எனக்கும் சுகர் வந்துட்டுது. காலு மரத்துப்போவுது. வெறுங்காலோடதான் நிக்கணும்னா என் கணக்க முடிச்சி அனுப்பிடுங்க" என்றார். முதலாளி ஆடிப்போய்விட்டார். "உனக்குன்னா சரிப்பா" என்றார். "எனக்கு மட்டும் இன்னா மொதலாளி? சுகர் இருக்கறவங்க எல்லாத்துக்கும் குடுங்க" என்று அண்ணன் அங்கேயே நின்று வாங்கிவிட்டார்.

அவரே போட்டுக்கொண்டு நடக்கும்போது நமக்கென்ன வெட்கம் என்று நானும் போட்டேன். ராமலிங்கமும் போட்டார். யாரையும் குடோனுக்கு மாற்றவில்லை. ராமலிங்கத்தின் பெண்ணுக்குக் கல்யாணமும் நடந்தது.

செருப்போடு அவர் விடவில்லை. முகூர்த்த சமயம், தளவானூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து சேலையைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணன் என் கையிலிருந்த சேலையைப் பிடுங்கினார். "நீ போய் சாப்டு மொதல்ல." பெண்ணின் அம்மா முகத்தைச் சுளித்தார். "சேல எங்கியும் ஓடாதும்மா. இது மயங்கி உழுந்தா தூக்கறது யாரு, நீயா நானா?" என்றார் அண்ணன். அந்தம்மா சிரித்துவிட்டு, அவர் காட்டியதிலேயே இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.

அவரும் பத்தியம் காத்தார். தீபாவளிக்குக் கடையில் கொடுக்கும் பாதுஷாவைத் தொட மாட்டார். டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்கி, வேப்பங்கொழுந்தை மென்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடிப்பார். "பழகிடும்ணா" என்று நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். நான், அவருக்கு!

பனமலையில் அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். அவர் மனைவி சரோஜா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சுகரோட எவ்ளோ அவஸ்தைப்பட்டாரு அண்ணி" என்று அழுதேன். அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சுகரா? அவருக்கா? சக்கரய அள்ளிப் போட்டாத்தான் டீ எறங்கும் அந்த மனுசனுக்கு. போன மாசங்கூட டெஸ்ட் எடுத்தாரு. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருஷம் எங்களிடமாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எழுந்து அவரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. வெறும் வாயால் வாங்க முடியாததை ஒரு வியாதியைச் சொல்லி எங்களுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று அண்ணியின் காதோடு சொன்னேன். சொல்லி முடிக்கும்போது முதலாளி மாலையோடு உள்ளே வந்தார். கூடவே மருமகன். கடையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

மாலையைப் போட்டுவிட்டு முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், காலு முடியலன்னு எங்கிட்ட வந்து நின்னாரு. அவருக்காகத்தான் செருப்புக்கு ஒத்துக்கிட்டேன்." மருமகன் குரலைத் தாழ்த்தி, "அதான் அவரே இல்லியே மாமா, இத்தோட அத நிறுத்திடலாம். அதுவுமில்லாம, ஹார்ட்டுன்றாங்களே, நெசமாவே அவருக்கு சுகர் இருந்துதா?" என்றார்.

வாசலில் ராமலிங்கம் ஒரு காலைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அண்ணி அந்தக் காலைப் பார்த்தார். பிறகு முதலாளியை நிமிர்ந்து பார்த்து, "இருந்துதுங்க. ரொம்ப நாளா இருந்துது. காலு எரியுது, காலு மரத்துப்போவுதுன்னு என்னாண்ட பொலம்பிக்கினே இருப்பாருங்க" என்றார். முதலாளி மருமகனிடம், "அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அவர்கள் போனதும் அண்ணி என் கையை இறுக்கிக்கொண்டார். "சரியா சொன்னனா வசந்தா?"

அதற்கப்புறம்தான் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. புருஷன் கிடக்கும் இடத்தில் ஒரு பெண்பிள்ளை எங்களுக்காகப் பொய் சொன்னதை எப்படிச் செரிப்பது? முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு ராமலிங்கம் வேண்டாம் வேண்டாம் என்றார். காரியம் முடிந்து கடைக்குப் போன அன்று, ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதலாளி முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுக்குச் சுகர் இல்லை. எங்களுக்குத்தான். நிறுத்துவதானால் இப்போதே நிறுத்திவிடுங்கள் என்றேன்.

முதலாளி அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, தலையெழுத்து என்று திரும்பினேன்.

"வசந்தா" என்று கூப்பிட்டார். "வெறுங்காலோட எங்க போற? செருப்பப் போட்டுக்கிட்டுப் போ."

அண்ணா, இனிமேல் உங்களுக்குச் சுகர் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.