பஞ்சுக் கோழி படுத்த இடம்

அத்தையைக் கட்டியிருந்த மாமா மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். ஊருக்கு வரும்போதெல்லாம் யாருக்கும் உபயோகப்படாத ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது அவர் வழக்கம். ஒரு தடவை துரை பங்களாவில் கழித்துப் போட்ட கம்பளித் தொப்பி வந்தது. சங்கரன்கோவில் வெயிலில் அதைப் போட்டுக்கொள்ள எங்கள் வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு தடவை வாய் உடைந்த பீங்கான் ஜாடி. எழுபதுகளின் கடைசியில், அத்தை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயம், மாமா ஓர் ஓலைப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

பெட்டியைத் திறந்ததும் அம்மா ஓர் எட்டு பின்னால் போனாள். உள்ளே இருந்தது முயல் என்றுதான் நான் நினைத்தேன். இறகு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்க வெள்ளை வெளேரென்று மெத்தென்ற முடி. தலையில் கண்ணை மறைத்துக்கொண்டு ஒரு கொத்து முடி. அதற்குள்ளிருந்து ஒரு கறுத்த அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“கோழிதான்க்கா. சீனாக்காரக் கோழியாம். துரை பங்களாவுல ஆசைக்கு வளக்காங்க” என்றார் மாமா, தானே சீனாவுக்குப் போய்ப் பிடித்து வந்தவர் மாதிரி.

எங்கள் ஊரைச் சுற்றிலும் பருத்திக் காடு. அப்பாவுக்கும் பஞ்சு அரைவை மில்லில்தான் வேலை. அதனால் பஞ்சுக் கோழி என்ற பெயர் தானாகவே அமைந்துவிட்டது. அது எங்கள் நாட்டுக் கோழிகளோடு சேர்ந்து மேய்ந்தது, ஆனால் சேரவில்லை. பொழுது சாய்ந்தால் மற்றவை முருங்கை மரத்தில் ஏறி அடையும். இதற்குப் பறக்க வராது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அத்தைதான் அதைப் பிடித்துப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடுவாள். கண்ணில் விழுந்த முடியை நூலால் கட்டிவிட்டதும் அவள்தான். மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். கோழி கொக்கரித்தால் வயிற்றில் பிள்ளை உதைக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவாள். நிஜமாகவே உதைத்தது.

ஒருநாள் காற்றடித்து அதன் முடி விலகியபோதுதான் அடியில் இருந்த தோலைப் பார்த்தோம். அடுப்புக்கரி மாதிரி அப்படி ஒரு கறுப்பு. அதோடு காலுக்கு ஐந்து விரல். நம் ஊர்க் கோழிக்கு நாலுதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மை அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

“வெளிய வெள்ளை, உள்ள கருப்பு. மனுசப் பிள்ள மாதிரி அஞ்சு விரலு. இத எதுக்குட்டி வீட்டுல வச்சிருக்கிய, வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கையில?” என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மாவுக்கும் பயம்தான். ஆனால் அடை காப்பதில் அந்தக் கோழியை மிஞ்ச ஆள் கிடையாது. நாட்டுக் கோழி முட்டையோ, யாரோ கொடுத்த வாத்து முட்டையோ, எதை அடியில் வைத்தாலும் யாருடையது என்று கேட்காமல் படுத்துப் பொரித்துவிடும். மாமா கொண்டுவந்ததில் உருப்படி இது ஒன்றுதான் என்று அம்மா பயத்தை ஓரமாக வைத்துவிட்டாள்.

அத்தைக்கு வலி கண்ட அன்று என்னைப் பெரியம்மை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் நான் திரும்பி வந்தபோது அத்தையின் வயிறு இல்லை. பிள்ளையும் இல்லை. “சாமி வாங்கிக்கிட்டாரு” என்று அம்மா சொன்னாள். சாமி எதற்காக வாங்கினார், எப்போது திருப்பித் தருவார் என்று நான் கேட்டேன்.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்திருக்கிறது. அப்படிப் பிறந்ததைத் தாயிடம் காட்டமாட்டார்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் மனசு விடாதாம். தலைச்சன் பிள்ளை என்றால் எங்கள் பக்கம் இன்னொரு பயமும் உண்டு. சுடுகாட்டில் புதைத்தால் மாந்திரீகம் செய்கிறவன் மை எடுக்கத் தோண்டிக்கொண்டு போய்விடுவான் என்பார்கள். அதனால் அப்பாவும் மாமாவும் வீட்டு மதிலுக்குள்ளேயே, புறவாசலில், அத்தைக்குத் தெரியாமல் வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் எனக்குக் கல்யாணமாகி நானும் பெற்றெடுத்த பிறகுதான் அம்மா சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தையின் மார்பைச் சுற்றி மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள் என்பதுதான். பால் வற்றுவதற்கான வைத்தியம் அது. பூவைத் தலையில் வைக்காமல் சேலைக்குள் எதற்கு ஒளித்து வைக்கிறார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.

மாமா எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அத்தை அழவில்லை. சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அழுதாத்தான் பொழைப்பா. இப்படியே இருந்தா புத்தி பேதலிச்சிரும்” என்று பெரியம்மை சொன்னது என் காதிலும் விழுந்தது. அம்மா எதை எதையோ சொல்லி அவளை அழவைக்கப் பார்த்தாள். கடைசியில் அம்மாதான் அழுதாள்.

அந்த வாரம் பஞ்சுக் கோழி மறுபடியும் அடைக்குப் படுத்தது. அதன் அடியில் ஒரு முட்டைகூட இல்லை. வழக்கமான கூடையில் படுக்காமல், புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்து மூலையில் போய்ப் படுத்தது. அங்கே மண் புதிதாகக் கிளறிப் பொதுபொதுவென்று கிடந்தது. அம்மா ஓடிப்போய் அதைத் தூக்கிவந்து பஞ்சாரத்தில் அடைத்தாள். திறந்துவிட்டதும் நேராக அதே மூலைக்குப் போயிற்று. மேலே ஒரு பாறாங்கல்லை வைத்தார்கள். அது கல்லை ஒட்டிப் படுத்தது. அடை கலைய மூக்கில் ஓர் இறகைக் குறுக்காகச் செருகிவிட்டார்கள். மூக்கில் இறகோடு, கண்ணை மூடாமல், அங்கேயே கிடந்தது. பக்கத்தில் யார் போனாலும் தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டது. அது கோழிச் சத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் அத்தை எழுந்து வந்தாள். வீட்டில் அத்தனை இடம் இருக்க, கோழிக்கு எதிரே மண்ணில் வந்து உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறி நிழல் நகர்ந்து போனாலும் எழுந்திருக்கமாட்டாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்பா அவளை அங்கே பார்த்த அன்று, கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமலே மில்லுக்குப் போனார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சத்தம் போடாதட்டி. தூங்குது” என்றாள் அத்தை.

“கோழியா அத்தை?”

கோழி முழித்துக்கொண்டுதான் இருந்தது. நான் மெல்லப் பின்னால் நகர்ந்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை. அத்தை உள்ளே போன நேரம் பார்த்துக் கோழிக்கு அடியில் கையை விட்டேன். அனலாகச் சுட்டது. துழாவிப் பார்த்தால் வெறும் மண்தான். மண்ணும் சுட்டது. இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் பெரியம்மை வந்து, தண்ணீரில் முக்கி எடுத்தால்தான் அடை கலையும் என்றாள். அம்மா கோழியைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். வெளியே எடுத்தபோது அத்தனை முடியும் நனைந்து ஒட்டிப் போய், அம்மாவின் கையில் ஒரு பிடி அளவுக்குக் கறுத்த உடம்பு ஒன்று தலை தொங்கிக் கிடந்தது. அம்மா பதறி, கொடியில் கிடந்த துண்டை உருவி அதைச் சுற்றினாள்.

வாசலில் அத்தை நின்றிருந்தாள்.

“குடுங்க மைனி” என்றாள். வெகு சாதாரணமாகத்தான் கேட்டாள். “எனக்கு நீங்க காட்டவே இல்லியே.”

அம்மா கொடுத்தாள். அத்தை தரையில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தாள். நெற்றியைத் துடைத்தாள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினாள். “அஞ்சு இருக்கு. எல்லாம் சரியாத்தான இருக்கு மைனி” என்றாள். பெரியம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது அப்பா மில்லிலிருந்து சாப்பிட வந்தார். அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கன வச்சிய அண்ணாச்சி?”

கோழி அத்தையின் மடியை விட்டு இறங்கியது. நனைந்த கறுத்த உடம்போடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, புறவாசலைக் கடந்து அந்த மூலைக்கு நடந்தது. ஈரச் சிறகை விரித்து அந்த மண்மேல் படுத்தது. அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கோழியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போய்க் கோழிக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்துக்கொண்டு அழுதாள். தெருவே ஓடிவரும்படி அழுதாள். அம்மா அவளைத் தூக்கப் போகவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தவர்கள், அழும்போது ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் சமாதானம் ஆவாள் என்று நினைத்தேன்.

“அழாதீய அத்தை. அங்கன ஒண்ணுமே இல்ல. நான் கைய விட்டுப் பாத்துட்டேன்” என்றேன்.

அன்றைக்கு யாரும் என்னை அடிக்கவில்லை.