சலவை அறைப் பலகையில் பத்தாவது பெயர்

லூரீன் ஹாலிஸ்டரிடம் மன்னிப்பு என்ற சரக்கே கிடையாது. அரிசோனாவில் எங்கள் வண்டி முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். இருந்த வீட்டை விற்றுவிட்டு, சக்கரம் வைத்த வீட்டில் குடியிருப்பவர்கள் நாங்கள். ஜூலையில் உயிரோடு இருப்பதே கூரை ஏ.சி. தயவில்தான். அது கெட்டால் கழற்றி வேறு மாட்டித் தருபவள் லூரீன்.

ஏழு வருடத்துக்கு முன் அந்த வேலையை ராய்ஸ் டக்கெட் செய்துகொண்டிருந்தான். புத்தம்புதிது என்று சொல்லி அவள் வண்டிக் கூரையில் ஒன்றைப் பொருத்தினான். மூன்றாம் நாள் அவள் துணி துவைக்கப் போன நேரத்தில் அது நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது, பிஸ்கட் என்ற அவள் நாய் வெக்கை தாங்காமல் கதவருகே செத்துக் கிடந்தது. அழுது முடித்து, ஏணி போட்டு ஏறி, ஏ.சி. மூடியைக் கழற்றினாள். உள்ளே காய்ந்துபோன குளவிக்கூடு. புது ஏ.சி.க்குள் குளவி எப்படிக் கூடு கட்டும்?

போய்க் கேட்டாள். "நாய்தானே, இன்னொண்ணு வாங்கிக்க" என்றான் அந்தப் பாவி.

அறுபத்தொரு வயதில் தொழில் கற்றுக்கொண்டாள். அடியிலிருக்கும் ரப்பர் பட்டை பாதியாக அமுங்கும்வரை நான்கு போல்ட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவாள். ஒரு சொட்டு மழை உள்ளே வராது. ராய்ஸின் வாடிக்கை மொத்தமும் அவளிடம் வந்தது. போதாததற்கு அவனுக்கு முதுகும் போயிற்று. ஏணி ஏற முடியாது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஏ.சி. மாற்ற வேண்டியவர்கள் சலவை அறைப் பலகையில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டிக்குள் பிராணி இருந்தால் மட்டும் முதல் இடம். பிஸ்கட் போன பிறகு லூரீன் கொண்டுவந்த வழக்கம் அது.

போன ஜூலையில் ராய்ஸின் ஏ.சி. படுத்துவிட்டது. பலகையில் ஏற்கனவே ஒன்பது பெயர். பூனையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான்.

"பூனை இருக்கு லூரீன். உன் சட்டப்படி நான்தான் முதல்ல."

"ஆமா, இருக்கு. பேரு என்ன?"

"பட்டன்."

"குடு இப்படி." வாங்கித் தன் குளிர்ந்த வண்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தினாள். "இப்ப உன் வண்டியில பிராணி இல்ல. போய்ப் பேர எழுது. பத்தாவது."

"ஐயோ, உள்ள வெந்து செத்துருவேன் லூரீன்!"

"சாகமாட்டே. உனக்குக் கதவத் திறக்கத் தெரியும். என் பிஸ்கட்டுக்குத் தெரியல."