அருவியில் குளித்த விரல்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்து நொதிகளுக்குச் சோம்பல் பிடித்துவிடும். இரத்தச் சர்க்கரையை அளக்கும் மின்முனைமேல் நாங்கள் ஒட்டிவைக்கும் நொதிக்குச் சாரல் ஈரம் ஆகாது. அதைக் காப்பாற்றவும், வைட்டமின் சி போன்றவை சர்க்கரை வேடம் போட்டு ஏமாற்றாமல் தடுக்கவும் மெல்லிய படலம் ஒன்றைப் பூசிப் பூசிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாமனாரைப் பொறுத்தவரை அது வெள்ளையடிக்கிற வேலை.

அவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வார். டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு. அதில் ஆள் கெட்டி.

அன்று ஐந்தருவியில் குளித்துவிட்டு, வழியெல்லாம் ரம்புட்டான் பழத்தை உரித்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டே வந்தார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன் விரலைக் குத்திப் பார்த்தார். முந்நூற்று நாற்பது.

"பாத்தீயளா மாப்ள, ஒத்தப் பழம் திங்கல. எப்படி ஏறிக் கெடக்குன்னு!" என்றபடி ஊசியில் மருந்தை வழக்கத்தைவிட நிறைய ஏற்றினார்.

"மாமா, கையக் கழுவிட்டு இன்னொரு தடவ பாருங்க. விரல்ல பழச்சாறு இருக்கும்."

"இப்பதான அருவில குளிச்சிட்டு வாரேன்? ஐந்தருவில குளிச்ச கைய உங்க குழாத் தண்ணில கழுவணுமாக்கும்?"

குற்றவாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார். அந்த மருந்து உள்ளே போயிருந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மனிதர் சுருண்டு விழுந்திருப்பார். இத்தனை படித்தும் எனக்கு மாமனாரின் கையைப் பிடித்துத் தடுக்கத் துணிச்சல் வரவில்லை. என் மனைவிதான் ஊசியைப் பிடுங்கிவைத்து, அவர் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்து, துடைத்து, வேறு விரலில் குத்தினாள். நூற்றுப் பத்து.

மீட்டர்மேல் தப்பில்லை. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றுச் சர்க்கரையையும் விடாமல் அளந்திருக்கிறது. எங்கள் படலத்தைப் பூசியிருந்தாலும் அதையேதான் செய்திருக்கும்.

மாமனார் மீட்டரை உறையில் போட்டு மூடினார். பிறகு ஆலங்குளத்தில் இருக்கும் பழைய சகாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவரும் சர்க்கரைக்காரர்.

"முந்நூத்தி நாப்பது இருந்துச்சு அண்ணாச்சி. ஐந்தருவில குளிச்சேன், ஊசியே போடல, தன்னால இறங்கிட்டு! மூலிகைத் தண்ணில்லா? நாளைக்கு மாத்திரைய நிப்பாட்டிட்டு நீங்களும் வாங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "பெரியப்பா, எங்கப்பா கையக் கழுவல. அவ்வளவுதான். நீங்க மாத்திரையப் போட்டுட்டு வாங்க."

ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"அப்பம் கைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டா தாயி குளிச்சான்?"