சேர் சொன்ன நொய்ஸ்

1. பொறுப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மேல்மாடியில் இருந்தது எங்கள் கந்தோர். மூலக்கூறுகள் எப்படி நடந்துகொள்ளும் என்று கொம்பியூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிற இடம். வேலைக்கு வந்த அன்று, கந்தோரை நடத்துகிற சேர் சொன்னது இரண்டே விசயம்தான். கூட்டித் துடைக்க வேண்டும். அமைதி வேண்டும்.

"தலையைப் பாவிக்கிற ஆக்கள் இருக்கிற இடமக்கா. சத்தம் கூடாது."

அன்றிலிருந்து அந்த மாடி என் பொறுப்பு. கதிரைக் கால்களுக்கு றப்பர் போட்டேன். வாசலில் ஹோன் அடித்த ஓட்டோக்காரனிடம் இறங்கிப்போய், "மல்லி, ஹோன் கஹன்ன எபா" என்று சிங்களத்தில் தடுத்தேன். அதன் பிறகு அவன் அடித்ததில்லை. கடற்கரைத் தண்டவாளத்தால் போகிற கோச்சியை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2. முறைப்பாடு

கணக்குப் போடுகிறவர்களில் ஒருவரான சிவானி மிஸ், ஐதரசன் வாயு மூலக்கூறின் சக்தியைக் கணித்துக்கொண்டிருந்தார். எங்கள் கொம்பியூட்டரில் ஒரு விடை எடுப்பார். அதே கணக்கை வெளிநாட்டிலுள்ள குவாண்டம் கொம்பியூட்டருக்கும் அனுப்பி, இரண்டையும் ஒப்பிடுவார். ஒருநாள் நான் தேத்தண்ணியோடு உள்ளே போகும்போது சேர் அவரிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நொய்ஸ் சரியாக் கூடிப்போச்சு பிள்ளை. இதை வைச்சுக்கொண்டு ஒண்டும் செய்யேலாது. ஒரு முடிவு கட்டவேணும்."

நொய்ஸ் என்றால் சத்தம். அவ்வளவு இங்கிலிஷ் எனக்குத் தெரியும். கட்டப்போகிற முடிவு என் வேலைக்குத்தான் என்று நினைத்தேன். வேலை போனால் மகள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மருமகனின் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது எனக்குச் சரிவராது. ஆனாலும் போகச் சொல்லும்வரை நிற்கிற ஆள் நானில்லை. சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"நானே முடிவு கட்டுறன் சேர். கோச்சிச் சத்தமெண்டா அது என்ர கையில இல்லை."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அன்ரி, இது காதில கேக்கிற சத்தமில்லை. அந்த குவாண்டம் மெஷின் ஒரு நோஞ்சான். துளி சூடு பட்டாலும் குழம்பி விடை பிசகும். அந்தப் பிசகைத்தான் நொய்ஸ் எண்டுறது. எங்கட கொம்பியூட்டர் சொன்ன விடை சரி."

"சரியான விடை கையில இருக்கேக்க நோஞ்சானிட்ட ஏன் கேக்கிறியள்?"

"இது சின்ன மூலக்கூறு. பெரிசா வந்தா எங்கட மெஷின் திணறும். அப்ப அந்த நோஞ்சான்தான் வேணும், அதுக்குத்தான் இப்பவே அதை விடை தெரிஞ்ச கணக்கில சோதிக்கிறம்."

"அங்க ஆர் பொறுப்பு?"

"ஆரோ வெள்ளைக்காரர்."

"அப்ப அவரிட்டச் சாவியை வாங்குங்கோ."

என் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குறை காதில் விழுந்தால், எந்த இடத்துக் குறை என்று முதலில் நின்று கேளுங்கள். கோபித்துக்கொண்டு போக அதற்குப் பிறகும் நேரம் இருக்கும்.